மோட்டார்ஹோமுக்கு புரொப்பேன் நிரப்புதல்: விலை ஒப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். ஒரு சொல் விளக்கம் முதலில்: அங்கே 'கேஸ்' என்று கேட்டால் பெட்ரோல் பம்பைக் காட்டுவார்கள். அடுப்பு, பிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் (வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கும் கருவி) ஆகியவற்றுக்குப் போவது புரொப்பேன். அதைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டுகள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையில் கேலன் 2.99 டாலர் என்று போட்டிருந்தால் அதுதானே மலிவு?

இருக்கலாம். ஆனால் ஒப்பிட வேண்டியது பலகை விலையை அல்ல. வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த பில் தொகையை, டேங்குக்குள் உண்மையில் போன கேலனால் வகுத்து வருவதே விலை. மோட்டார்ஹோமுக்கு இதோடு இன்னொன்றும் சேரும். டிரெய்லரில் இருக்கும் சிலிண்டரைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம். மோட்டார்ஹோமின் டேங்க் வண்டியின் அடிச்சட்டத்தோடு பொருத்தப்பட்டது, கழற்ற முடியாது. வீட்டையே ஓட்டிக்கொண்டு போய்த்தான் நிரப்ப வேண்டும். அந்த ஓட்டத்துக்கு ஆகும் பெட்ரோலும் புரொப்பேன் விலையில் ஒரு பகுதிதான்.

ஒரு கணக்கு. நெடுஞ்சாலையை ஒட்டிய டிராவல் சென்டரில் கேலன் 3.89. வழியை விட்டு 12 மைல் உள்ளே இருக்கும் விவசாயக் கூட்டுறவுக் கடையில் 2.99. போய்வர 24 மைல். வண்டி கேலனுக்கு 8 மைல் தருகிறது என்றால் 3 கேலன் பெட்ரோல், கேலன் 3.40 வீதம் 10.20 டாலர். பத்து கேலன் புரொப்பேன் நிரப்பினால் டிராவல் சென்டரில் 38.90, கூட்டுறவுக் கடையில் 29.90 உடன் 10.20 சேர்த்து 40.10. மலிவுக் கடைக்குப் போனவருக்கு 1.20 டாலரும் முக்கால் மணி நேரமும் நட்டம். அதே ஆள் 18 கேலன் நிரப்பினால் 70.02க்கு எதிராக 64.02, அதாவது ஆறு டாலர் லாபம்.

எத்தனை கேலனுக்கு மேல் லாபம் என்ற எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்க ஒரே வகுத்தல் போதும். சுற்றிப் போகும் பெட்ரோல் செலவை இரண்டு கடைகளின் கேலன் விலை வித்தியாசத்தால் வகுங்கள். இங்கே 10.20 ÷ 0.90 = 11.3. அதற்கு மேல் நிரப்ப டேங்கில் இடம் இருந்தால் மட்டும் திருப்புங்கள் வண்டியை.

ஒருவர் பவுண்டுக்கு விலை சொல்கிறார், ஒருவர் கேலனுக்கு, கனடாவில் லிட்டருக்கு. எப்படி ஒரே அளவுக்குக் கொண்டுவருவது?

மூன்று எண்களை மனதில் வைத்தால் போதும். ஒரு கேலன் புரொப்பேன் சுமார் 4.2 பவுண்டு. ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஒரு லிட்டர் சுமார் 0.51 கிலோ.

பவுண்டு 95 செண்ட் என்றால் 4.2 ஆல் பெருக்க, கேலன் 3.99. கனடாவில் லிட்டர் 1.10 கனடா டாலர் என்றால் 3.785 ஆல் பெருக்க, கேலன் 4.16 கனடா டாலர். அதை அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கினால் அமெரிக்க டாலர். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டு 'கனடாவில் கொள்ளை விலை' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

நம் ஊர் அளவில் யோசிப்பவர்களுக்கு: இந்தியாவின் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் எடைக்குச் சமமான புரொப்பேன் சுமார் ஏழரை கேலன். ஆனால் இரண்டும் ஒரே வாயு அல்ல. நம் ஊர் எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். வட அமெரிக்கக் குளிரில் வேறு வழியில்லை. அங்கே விற்கும் 'ஹெச்.டி.-5' தரத்தில் குறைந்தது 90 விழுக்காடு புரொப்பேன் இருக்க வேண்டும்.

சிலிண்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்கிறார்களே?

20 பவுண்டு சிலிண்டரை நிரப்ப 20 டாலர் என்று ஒரே விலை வைத்திருக்கும் கடைகள் உண்டு. முழுக்கக் காலியான சிலிண்டருக்கு அது பரவாயில்லை: 4.7 கேலன், கேலன் 4.26. உள்ளே ஒன்றரை கேலன் மிச்சம் இருக்கும்போது போனால் 3.2 கேலனுக்கு 20 டாலர், கேலன் 6.25. மிச்சம் இருந்ததையே உங்களுக்குத் திரும்ப விற்றது போலத்தான்.

கடை வாசலில் கூண்டில் அடுக்கியிருக்கும் மாற்றுச் சிலிண்டர் இன்னும் மோசம். பார்க்க அதே 20 பவுண்டு சிலிண்டர்தான். உள்ளே நிரப்பியிருப்பது பெரும்பாலும் 15 பவுண்டு. பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 15 பவுண்டு என்பது 3.57 கேலன். 22 டாலர் கொடுத்தால் கேலன் 6.16 ஆகிறது.

மோட்டார்ஹோமின் நிலையான டேங்குக்கு இந்த இரண்டு முறையும் பொருந்தாது. அதைத் தராசில் ஏற்ற முடியாது என்பதால் மீட்டர் வழியாகத்தான் நிரப்பியாக வேண்டும், கேலன் கணக்கில்தான் பில் வரும். டேங்க் கழற்ற முடியாததில் இருக்கும் ஒரே நன்மை இது.

எந்த மாதிரி இடங்களில் விசாரிப்பது?

விவசாயக் கூட்டுறவுக் கடைகளும் வீடுகளுக்கு லாரியில் புரொப்பேன் கொண்டுபோய் ஊற்றும் மொத்த வியாபாரிகளின் கிடங்குகளும் பெரும்பாலும் மலிவு. ஆனால் மாலை நான்கு, ஐந்து மணிக்கே மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நம்ப முடியாது. 'டிராக்டர் சப்ளை' என்ற விவசாயப் பொருள் சங்கிலிக் கடைகளில் பல ஊர்களில் கேலன் கணக்கில் நிரப்புகிறார்கள். வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிகளை வாடகைக்கு விடும் யூ-ஹால் கிளைகளிலும் உண்டு, நிரப்பிய அளவுக்கு மட்டும் காசு. காஸ்ட்கோவில் சில கிளைகளில் மட்டும், அதுவும் உறுப்பினர்களுக்கு. முப்பது அடி வண்டியை அந்த வாகன நிறுத்தத்துக்குள் திருப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள். பைலட், ஃபிளையிங் ஜே போன்ற டிராவல் சென்டர்களில் இடம் தாராளம், வந்து போவது சுலபம், விலை நடுத்தரம். கே.ஓ.ஏ. போன்ற முகாம்களிலும் தேசியப் பூங்கா வாசல்களிலும் பொதுவாக அதிகம், ஆனால் நீங்கள் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறீர்கள். நாலைந்து கேலன் மட்டும் வேண்டுமென்றால் முகாமிலேயே நிரப்பிவிட்டு வேலையைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

போனில் என்னென்ன கேட்க வேண்டும்?

'புரொப்பேன் என்ன விலை' என்று மட்டும் கேட்டால் பாதி பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: மோட்டார்ஹோமின் நிலையான டேங்கை நிரப்புவீர்களா, சிலிண்டர் மட்டும்தானா? கேலனுக்கு வரியோடு எவ்வளவு? குறைந்தபட்சக் கட்டணம் உண்டா? அபாயப் பொருள் கட்டணம் என்று தனியாகப் போடுவீர்களா? நிரப்பத் தெரிந்த ஆள் இன்று எத்தனை மணி வரை இருப்பார்?

முதல் கேள்வியை விட்டுவிட்டுப் போய் ஏமாந்து திரும்புவது சாதாரணம். பல கடைகளில் ஹோஸ் சிலிண்டர் வைக்கும் மேடை வரைதான் எட்டும். உங்கள் டேங்க் ஓட்டுநர் பக்கமா, எதிர்ப்பக்கமா என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஹோஸ் எட்டுமா என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்வியும் முக்கியம்: புரொப்பேன் நிரப்பப் பயிற்சி பெற்றவர் மட்டும்தான் அதைத் தொட முடியும். கடை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், நிரப்புகிறவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

குறைந்தபட்சக் கட்டணம் 15 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கேலன் மட்டும் நிரப்பினால் கேலன் ஆறு டாலர் ஆகிவிடும், பலகையில் என்ன போட்டிருந்தாலும் சரி.

வரியில் வித்தியாசம் உண்டா?

உண்டு. புரொப்பேனில் ஓடும் வாகனங்களும் இருப்பதால் பல மாநிலங்களில் வாகன எரிபொருளுக்குச் சாலை வரி தனியாக இருக்கிறது. உங்கள் டேங்கில் இருப்பது அடுப்புக்கும் ஹீட்டருக்கும்தான், வண்டி ஓட்ட அல்ல. அதைச் சொல்லுங்கள், பில்லில் வாகன எரிபொருள் என்று பதிவாகியிருந்தால் கேளுங்கள். விற்பனை வரி பலகை விலையில் சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். 3.49 உடன் 8 விழுக்காடு சேர்த்தால் 3.77 ஆகிறது, பக்கத்துக் கடை வரியோடு சேர்த்து 3.69 என்று போட்டிருந்தால் அதுதான் மலிவு.

கனடாவில் கூட்டாட்சி எரிபொருள் கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. அது நடப்பில் இருந்த மாகாணங்களில் அதற்கு முந்தைய விலைகளை இன்றைய விலையோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

என் டேங்க் எத்தனை கேலன் பிடிக்கும் என்று எப்படித் தெரியும்?

டேங்கின் மேல் பற்றவைத்த தகடு ஒன்று இருக்கும். சேறு படிந்திருந்தால் துணியால் துடையுங்கள். அதில் 'டபிள்யூ.சி.' என்று இருப்பது தண்ணீர் கொள்ளளவு, அதாவது விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்பது. புரொப்பேனை அதில் 80 விழுக்காடு வரைதான் நிரப்ப வேண்டும். 24 கேலன் என்று தகட்டில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 19.2. விற்பனைக் கையேட்டில் எந்த எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், தகட்டையே நம்புங்கள்.

மீதி 20 விழுக்காடு ஏமாற்று வேலை அல்ல. திரவ புரொப்பேன் 10 டிகிரி ஃபாரன்ஹீட் சூடேறினால் சுமார் ஒன்றரை விழுக்காடு விரியும். குளிர்ந்த காலையில் முழுக்க நிரப்பிய டேங்கை மதிய வெயிலில் நிறுத்தினால் விரிவதற்கு இடமில்லாமல் பாதுகாப்பு வால்வு திறந்து வாயுவை வெளியே கக்கும்.

டேங்கின் அளவைக் காட்ட உள்ளே சுவரில் இருக்கும் விளக்குகளை நம்பலாமா?

தோராயமாக மட்டும். நாலு விளக்குகள்தான், மூன்றில் ஒன்று என்று காட்டும்போது உண்மையில் பாதிக்குப் பக்கத்தில் இருக்கலாம். டேங்கின் மேலேயே இருக்கும் முள் மீட்டர் இன்னும் கொஞ்சம் நல்லது. இரண்டுமே மிதவையால் வேலை செய்வதால் வண்டி சரிவில் நின்றால் தவறு காட்டும். விலை விசாரிக்கும் முன் சமதளத்தில் நிறுத்தி அந்த முள்ளைப் பாருங்கள்: 19.2 கேலன் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்றால் சுமார் 12.8 கேலன் போகும். பில்லில் 16 என்று வந்தால் வாய் திறந்து கேட்கலாம்.

நிரப்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கடைக்குள் நுழையும் முன்பே அடுப்பு, ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், பிரிட்ஜ், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள். பிரிட்ஜைத்தான் மறப்பார்கள்: தானியங்கி நிலையில் விட்டால் மின்சாரம் இல்லாதபோது அதுவே புரொப்பேனுக்கு மாறித் தீப்பொறி போடும். இன்ஜினை நிறுத்துங்கள், எல்லோரும் கீழே இறங்குங்கள், டேங்கின் சேவை வால்வை மூடுங்கள். தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் உள்ளேயே விடுகிற வழக்கம் இங்கே கூடாது.

அடுத்து மீட்டர். முந்தைய வாடிக்கையாளரின் அளவு அழிந்து சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மாநில எடை-அளவை அலுவலகத்தின் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நிரப்புகிறவர் கனத்த கையுறை போட்டு ஹோஸைத் திருகிய பிறகு, டேங்கில் இருக்கும் ஒரு சின்னப் பித்தளைத் திருகை ஒரு சுற்றுத் திறப்பார். 'ஸ்ஸ்' என்ற சத்தத்தோடு முதலில் கண்ணுக்குத் தெரியாத ஆவி வரும். திரவம் 80 விழுக்காட்டைத் தொட்டதும் அதே துளையிலிருந்து வெள்ளையாக, நீர்த்துளி தெறிப்பதுபோல் புகை பீய்ச்சும். அந்த நொடியில் பம்பை நிறுத்தித் திருகை மூட வேண்டும். அந்தத் திருகைத் திறக்காமல், தானியங்கித் தடுப்பு வால்வை மட்டும் நம்பி நிரப்புபவர்களும் இருக்கிறார்கள். அந்த வால்வு சில வண்டிகளில் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். டேங்க் 65 விழுக்காட்டிலேயே 'ஃபுல்' ஆகிவிடும். காசு நட்டமில்லை, போனதுக்குத்தான் பில். ஆனால் 12 கேலன் கணக்குப் போட்டுச் சுற்றி வந்த உங்களுக்கு 9 கேலன்தான் கிடைக்கும், மேலே போட்ட எல்லைக்கோட்டுக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

முடிந்ததும் சேவை வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் உள்ளே இருக்கும் அதிகப் பாய்ச்சல் தடுப்பு 'குழாய் உடைந்துவிட்டது' என்று நினைத்து அடைத்துக்கொள்ளும். அடுப்பில் சின்னச் சுடர் வரும், ஃபர்னஸ் பற்றாது. புரொப்பேன் மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். வால்வை மூடி, ஐந்து நிமிடம் பொறுத்து, மெல்லத் திறந்தால் சரியாகும். அதற்குப் பிறகு முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். அழுகிய முட்டை நாற்றம் நீடித்தால் வால்வை மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

வெயிலில் நிரப்பினால் குறைவாகக் கிடைக்குமா?

மீட்டரைப் பொறுத்தது. பல மீட்டர்களில் வெப்பநிலை ஈடு செய்யும் வசதி இருக்கிறது; எந்த வெப்பத்தில் போனாலும் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் எத்தனை கேலனோ அதையே பில் போடும். கனடாவில் அடிப்படை 15 டிகிரி செல்சியஸ். அந்த வசதி இல்லாத மீட்டரில், திரவம் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தால் ஒரு கேலனில் சுமார் நாலரை விழுக்காடு எடை குறையும். 3.50 டாலர் கேலன் உண்மையில் 3.66 ஆகிறது.

இதற்காக விடியற்காலையில் எழுந்து போகத் தேவையில்லை. கணக்கில் வருவது காற்றின் வெப்பமல்ல, கடைக்காரரின் பெரிய வெள்ளைத் தொட்டிக்குள் இருக்கும் திரவத்தின் வெப்பம்; அது நிதானமாகத்தான் ஏறி இறங்கும். உங்கள் டேங்க் சூடாக இருப்பது வேறு விதத்தில் தொல்லை: புரொப்பேனின் அழுத்தம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 110 பவுண்டு, 100 டிகிரியில் 170ஐத் தாண்டும். எதிர் அழுத்தம் கூடக் கூட நிரப்புவது இழுத்துக்கொண்டே போகும், சில பம்புகள் திணறும்.

எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் மலிவு?

அமெரிக்க மொத்த விலைக்கு இரண்டு மையங்கள்: டெக்ஸாஸின் மான்ட் பெல்வியூ, கான்சாஸின் கான்வே. இவற்றுக்கும் குழாய்ப் பாதைகளுக்கும் அருகில் உள்ள இடைமேற்கு மாநிலங்களில் விலை பொதுவாகக் குறைவு. ஃபுளோரிடாவிலும் கிழக்குக் கடற்கரையிலும் கூடுதல். நீண்ட பயணத்தில் அயோவா, நெப்ராஸ்கா பக்கம் போகும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு கிழக்கே போவது நல்ல வழக்கம்.

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் அக்டோபர் முதல் மார்ச் வரை வாராந்தர விலைகளை வெளியிடுகிறது. அவை வீட்டுத் தொட்டிகளுக்கு நூற்றுக்கணக்கான கேலன் ஊற்றும் விலை. பத்து கேலன் வாங்கும் மோட்டார்ஹோமுக்கு அந்த விலை கிடைக்காது. ஆள் கூலியும் இடத்தின் செலவும் சில கேலன்களின் மேல் ஏறுவதால் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அந்த எண்களைப் போக்கு பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். போக்கு திடீரென்று எகிறும் என்பதற்கு 2014 ஜனவரி சாட்சி: தானியம் உலர்த்த நிறையப் புரொப்பேன் செலவான இலையுதிர்காலத்தை அடுத்துக் கடுங்குளிர் வந்து, இடைமேற்கில் வீட்டு விலை சராசரியே கேலன் 4 டாலரைத் தாண்டியது.

எவ்வளவு வேகமாகத் தீரும்? நிரப்ப எப்போது போவது?

ஒரு கேலனில் சுமார் 91,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் மூன்று மணி நேரத்தில் ஒரு கேலன். குளிர் இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் எரிகிறது என்று கொண்டால் இரவுக்கு 1.6 கேலன். பழைய பாணி உறிஞ்சு வகை பிரிட்ஜ் நாளைக்கு 0.4 கேலன் வரை. வாட்டர் ஹீட்டர் எரியும் மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.13. சமையல் ஒரு பொருட்டே இல்லை. மூன்று வேளையும் சோறு, குழம்பு, சாம்பார் என்று வைத்தாலும் ஃபர்னஸ் ஓர் இரவில் தின்பதை அடுப்பு தின்னாது.

கோடையில் ஒரு டேங்க் ஒரு மாதம் தாண்டும், அவசரமில்லை. வழியில் மலிவாகப் படும்போது நிரப்பலாம். குளிரில் 19 கேலன் பத்து இரவுக்கு மேல் நம்ப முடியாது. மூன்றில் ஒரு பங்குக்கு வந்ததும் விசாரிக்கத் தொடங்குங்கள். அதற்குக் கீழே விட்டால் பேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள், முதலில் கண்ணில் படும் கடைதான். திரவம் குறைந்த டேங்க் கடுங்குளிரில் போதிய வேகத்தில் ஆவியாகவும் செய்யாது.

மின்சார ஹீட்டர் மலிவா, புரொப்பேனா?

ஒரு கேலன் 26.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஃபர்னஸ் அதில் கால்வாசியைப் புகைக்குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். உள்ளே வருவது சுமார் 20 யூனிட். முகாமில் மின்சாரம் யூனிட் 16 செண்ட் என்றால் 3.20 டாலர். புரொப்பேன் அதைவிட விலை கூடினால் 1,500 வாட் ஹீட்டரைப் போடுங்கள். தின வாடகையிலேயே மின்சாரம் அடங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். எந்தக் கடையையும் ஒப்பிட்டுச் சேமிப்பதைவிட இதில் மிச்சமாவது அதிகம். உறைபனி இரவில் மட்டும் ஃபர்னஸையும் ஓட விடுங்கள். பல வண்டிகளில் அடியில் இருக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கு அதன் வெப்பம்தான் காவல்.

சிலிண்டரைத் தனியாக வாங்கி மோட்டார்ஹோமில் இணைக்க முடியாதா?

முடியும். டேங்கின் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு 'டி' இணைப்பைப் பொருத்தி, வெளியே 20 பவுண்டு சிலிண்டரை வைத்து ஹோஸால் இணைக்கலாம். ஒரே முகாமில் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இது காசுக்கு மேல் நிம்மதி: வீட்டைக் கிளப்பாமல், பின்னால் இழுத்து வந்த காரில் சிலிண்டரை மட்டும் மலிவுக் கடைக்குக் கொண்டுபோகலாம். பொருத்தியபின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். கழுத்துப் பட்டையில் பொறித்த தேதி காலாவதியாகியிருந்தால் நிரப்ப மறுப்பார்கள். கனடாவில் அந்தக் கெடு பத்து ஆண்டு. புத்தம்புது சிலிண்டரில் இருக்கும் காற்றை வெளியேற்ற முதல் தடவை தனிக் கட்டணம் கேட்கலாம், அது நியாயமானதே.

வாடகை வண்டியைத் திருப்பும்போது நிரப்பித்தான் கொடுக்க வேண்டுமா?

ஒப்பந்தத்தைப் பாருங்கள். எடுத்த அளவில் திருப்ப வேண்டும் என்றிருந்தால், எடுக்கும்போதே டேங்கின் முள் மீட்டரைத் தேதி தெரியப் படம் எடுத்து வையுங்கள். குறைவுக்கு நிறுவனம் போடும் விலையை முதல் நாளே கேட்டுக்கொண்டால், கடைசி நாளில் விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டு கேலனுக்காக ஊர் சுற்றுவதா, அவர்களிடமே கட்டிவிடுவதா என்று முடிவு செய்யலாம். சின்ன அளவுக்குக் குறைந்தபட்சக் கட்டணமும் சேரும் என்பதால் பல சமயம் கட்டிவிடுவதே மலிவு.

பில் தவறு என்று தோன்றினால்?

அங்கேயே கேளுங்கள், மீட்டர் அடுத்த வண்டிக்கு அழிந்துவிட்டால் பேச ஒன்றும் இருக்காது. மீட்டர் காட்டிய எண், நேரம், பம்ப் முத்திரை மூன்றையும் படம் எடுங்கள். அமெரிக்காவில் மாநில அல்லது மாவட்ட எடை-அளவை அலுவலகம், கனடாவில் 'மெஷர்மென்ட் கனடா' புகாரை ஏற்று மீட்டரைச் சோதிக்கும். புகாருக்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: கொள்ளளவை நீங்கள் தகட்டில் படித்தீர்களா, கையேட்டிலா?